அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே பத்திரத்தைக் காட்டுங்க: வீட்டுக் கடன் கேள்வி-பதில்

நெல்லை பெருமாள்புரத்தில் ஒரு வீடு 48 லட்சத்துக்குப் பேசியிருக்கோம். வங்கி 80 சதவீதம் தருமாம். கையில் 10 லட்சம் இருக்கு. போதும்தானே அண்ணாச்சி?

போதாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. அந்த மதிப்பு நீங்கள் பேசிய விலை இல்லை. வங்கி அனுப்பும் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு 45 லட்சம் என்று எழுதினால் கடன் 36 லட்சத்தோடு நின்றுவிடும். மீதி 12 லட்சம் உங்கள் கைக்காசு. அதற்கு மேல் பத்திரச் செலவு: முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 48 லட்சத்துக்கு 4,32,000 ரூபாய். இதை வங்கி, வீட்டு மதிப்பில் சேர்க்காது. ஆக 16 லட்சத்துக்குக் குறையாமல் வேண்டும். வங்கிக்கு அடமானமாக எழுதும் எம்.ஓ.டி. பதிவுச் செலவும் பிராசஸிங் கட்டணமும் தனி.

விற்பவர் "பத்திரத்தில் 30 போடுவோம், மிச்சத்தைக் கையில் கொடுங்க" என்பார். பத்திரத்தில் போடும் அந்தக் குறைந்த தொகையை வைத்துத்தான் கடனும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அதோடு, நிலம் வீடு விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரித்துறை அபராதம் போடும். பாதிப் பேர் அதிலேயே அமைதியாகிவிடுவார்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் கிராமம். தாத்தா காலத்து மனை. பட்டா அப்பா பெயரில் இருக்கு, பத்திரம் எதுவும் இல்லை. அப்பா காலமாகிவிட்டார். நானும் இரண்டு அக்காக்களும். வீடு கட்டக் கடன் கிடைக்குமா?

நெல்லைச் சீமையில் அதிகம் வரும் கேள்வி இதுதான். சம்பளத்தில் சிக்குகிற கடனைவிட இப்படிக் காகிதத்தில் சிக்குகிற கடன்தான் ஜாஸ்தி.

பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. வங்கி வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்தில் (மனையின் பழைய மூலப் பத்திரம்) தொடங்கி இன்றுவரை கை மாறிய வரிசையையும், 30 வருட வில்லங்கச் சான்றையும் (மனைமேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) கேட்பார். கிராம நத்தம் (ஊர்க் குடியிருப்புக்கான நிலம்) மனை என்றால் நத்தம் பட்டா, வீட்டுத் தீர்வை ரசீது, பழைய மின் இணைப்பு, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் சில வங்கிகள் ஏற்கும், சில ஏற்காது. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அக்காக்களுக்கும் சமபங்கு உண்டு. அவர்கள் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யணும், அல்லது கடனில் சேர்ந்து கையெழுத்துப் போடணும். பாகம் பற்றிப் பேசாமல் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

சர்வே எண்ணையும் சரிபாருங்கள். பட்டாவில் 212/3ஏ என்றும் பழைய காகிதத்தில் 212/3 என்றும் இருந்தால், உட்பிரிவு எப்போது நடந்தது என்று கேட்டுக் கோப்பு திரும்பிவிடும். நாலெல்லையை விரல் வைத்து வாசியுங்கள்: "கிழக்கே வாய்க்கால்" என்று எழுதியிருந்து, இப்போது அங்கே வாய்க்காலைக் காணோம் என்றால், ஆக்கிரமிப்பு இல்லை என்று சர்வேயர் அளந்து சொல்ல வேண்டிவரும். நஞ்சை என்று இருந்தால் அனுமதி விஷயத்தை முதலில் முடியுங்கள்.

இவை சரியானால் பணம் மொத்தமாக வராது. அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். கடன் தொகை முழுதும் கைக்கு வரும்வரை, வாங்கிய தொகைக்கு வட்டி மட்டும் கட்டுவது வழக்கம்.

முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் மளிகைக் கடை. சம்பள ரசீது கிடையாது. கடன் கிடைக்குமா?

கடைக்கு இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கில் வரவு இருந்தால் போதும். ஜிபேயில் வரும் காசு எல்லாம் இப்போது கைகொடுக்கும். உங்களுக்குப் பி.எஃப். இருந்தால் அதையும் காட்டுங்கள், இணைக்கடன்தாரராகச் சேருங்கள். காகிதமே வேண்டாம் என்று கூப்பிடும் நிறுவனங்கள் வட்டியில் அதை வசூலித்துவிடும்.

கடனைக் கட்டி முடிக்க 20 வருஷமா, 15 வருஷமா? (வள்ளியூர்)

20 லட்சம், 8.5 சதவீதம் என்று வைப்போம். 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 17,356. மொத்தம் கட்டுவது 41.65 லட்சம். 15 வருடத்துக்கு 19,695, மொத்தம் 35.45 லட்சம். மாதம் 2,339 கூடுதலாகக் கட்டினால் 6 லட்சம் மிச்சம். முதல் மாதத் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போகும், அசலில் கழிவது 3,189தான்.

ஆனால் வேலை நிச்சயமில்லாதவர் 20 எடுப்பதில் தப்பில்லை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனிநபருக்கு அபராதம் கிடையாது. நெல் விற்ற காசோ போனஸோ வரும்போது அசலில் போடுங்கள். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, வருடத்தை நீட்டுவதா என்று கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். கேட்காவிட்டால் வருடம்தான் நீளும்.

கடனை அடைத்து மாதம் இரண்டாச்சு. பத்திரம் இன்னும் வரலை.

கடன் முடிந்த 30 நாளில் வங்கி அசல் பத்திரங்களைத் தரணும். வங்கி பக்கத் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு தரணும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பத்திரம் வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கத்தில் பழைய எம்.ஓ.டி. அப்படியே நிற்கும், விற்கப் போகும்போது வாங்க வருகிறவர் கிளறுவார்.