மேடை ஏறணும், ஆனா பிடிக்கல: கச்சேரி செய்பவர்களுக்கான கேள்வி பதில்

கர்நாடக இசைக் கலைஞர்கள் கேட்டவை இவை; நடுவில் ஒருவர் மெல்லிசைக்காரர். மேடையை விடவும் முடியவில்லை, அங்கே நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை என்பதுதான் பெரும்பாலோர் பாடு. “மேடை பயம்” என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், உடம்பு எது, காது எது, சபை எது என்று பிரித்துப் பதில் சொல்கிறேன்.

வாய்ப்பாட்டு, திருச்சி: சார், வீட்டில் குரல் நன்றாகப் பேசுகிறது. மேடையில் கச்சேரி தொடங்கும் வர்ணத்திலேயே மூச்சு வாங்குகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு உருப்படி போனால் தானாகச் சரியாகிவிடுகிறது. அந்த முதல் இருபது நிமிஷத்துக்கு என்ன வழி?

தானாகச் சரியாகிறது என்றால் குரலில் கோளாறு இல்லை. அட்ரினலின் ஏறும்போது இதயம் ஓடும், மூச்சு வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறும், எச்சில் வற்றும், விரல் குளிரும். மேடை ஏறுவதற்குச் சற்று முன்னும் முதல் சில நிமிஷங்களிலும்தான் இது உச்சம். ஆகவே அந்த நேரத்தில் என்ன பாடுகிறீர்கள் என்பதை மாற்றுங்கள். “அட” என்ற நீளத் தாளத்தில் அமைந்த வர்ணத்தை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) பாடித் திறமை காட்ட அது இடமில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் பாடக்கூடிய ஆதி தாள வர்ணம் ஒன்று, அதுவும் ஒரே காலத்தில், போதும்.

இதில் மாட்டிக்கொள்வது காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். இதயம் ஓடுவதால் எடுப்பு (பாட்டைத் தொடங்குவது) வேகமாகிவிடும். சரணத்து எத்துக்கடை ஸ்வரத்தில் (வர்ணத்தின் பிற்பகுதியில் வரும் ஸ்வர வரிகள்) நாக்கு தடுக்கும்போதுதான் உறைக்கும். எடுப்பதற்கு முன் பல்லவியை நினைக்காதீர்கள். கடைசி எத்துக்கடை ஸ்வரத்தை மனசுக்குள் ஒரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஓட்டுங்கள். அது நிதானமாக விழும் வேகம்தான் உங்கள் எடுப்பு வேகம்.

மூச்சுக்கு: நாலு எண்ணி இழுத்து, ஏழெட்டு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிஷம் போதும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் இதயத்தை இறக்குவது. குரலை முக்கால் மணி நேரத்துக்கு முன் வாயை மூடி முனகி, மந்திர ஸ்தாயியில் (கீழ் ஸ்வரங்களில்) எழுப்புங்கள். கிரீன் ரூமில் தார ஸ்தாயி (மேல் ஸ்வரங்கள்) பாடிப் பார்ப்பவர்கள் கச்சேரியின் பாதியை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள். ஃபிளாஸ்க் வெந்நீர் நாக்கைத்தான் நனைக்கும், குரல் நாணைத் தொடாது. அதற்கான தண்ணீரைக் காலையிலிருந்தே குடித்திருக்க வேண்டும்.

வயலின், பெங்களூரு: ஆலாபனையில் நீள வில் போடும்போது கை நடுங்குகிறது. ப்ரொப்ரனலால் போட்டுக்கொண்டால் நிற்கும் என்கிறார்கள். போடலாமா?

உலகம் முழுக்க இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் மாத்திரைதான். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராக்களில் அது ரகசியமே இல்லை. அட்ரினலின் இதயத்திலும் தசையிலும் செய்யும் வேலையை அது தடுக்கிறது. மனசில் இருக்கும் பயத்தை அல்ல. மருத்துவர்கள் பொதுவாக 10 முதல் 40 மில்லிகிராமுக்குள், மேடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுதிக் கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் தொடவே கூடாது. நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களுக்கும் ஆபத்து. இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை அது மறைத்துவிடும். ஆகவே நண்பர் கொடுத்தார் என்று போடக்கூடாது, மருத்துவரைக் கேளுங்கள். அவர் எழுதிக் கொடுத்தாலும் முதல் தடவையைக் கச்சேரி இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை: மாலைக் கச்சேரி என்றால் மதியத்துக்குமேல் காபி வேண்டாம். அதன் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் ஆகும். மேடை ஏறுமுன் கையை வெந்நீரில் வையுங்கள். முதல் அரைமணி நேரம் நுனிவரை இழுக்காமல் வில்லின் நடுப்பகுதியில், கொஞ்சம் வேகம் கூட்டி வாசியுங்கள். மெதுவான நீள வில்லில்தான் நடுக்கம் வெளியே தெரியும். பாடகரின் ஆலாபனையை நிழல்போல் தொடரும்போது ஒரு வீச்சு குறைந்ததாக எந்த ரசிகரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

வாய்ப்பாட்டு, சென்னை: மேடையில் என் குரல் எனக்கே கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டால் தார ஸ்தாயியில் சுருதி தள்ளி இருக்கிறது. கச்சேரி என்றாலே வெறுப்பாகிவிட்டது.

மேடையை வெறுப்பதாகச் சொல்பவர்களில் நிறையப் பேர் உண்மையில் வெறுப்பது மானிட்டரை, அதாவது பாடுபவருக்குச் சத்தம் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை. தன் குரல் கேட்காதபோது தொண்டை தானாக அழுத்தும். அழுத்தினால் சுருதி தள்ளும், ஒரு மணி நேரத்தில் குரல் கம்மும்.

மானிட்டர் சரியில்லாவிட்டால் உங்கள் காதுக்கு வருவது அரங்கின் பின்சுவரில் மோதித் திரும்பும் சத்தம். சுவர் 25 மீட்டர் தள்ளி இருந்தால் அது போய்வர ஏறக்குறைய 0.15 விநாடி. நிமிஷத்துக்கு 60 அட்சரம் (தாள எண்ணிக்கை) ஓடும் உருப்படியில், அட்சரத்துக்கு நாலு ஸ்வரம் பாடினால் ஒரு ஸ்வரத்தின் நீளமே 0.25 விநாடிதான். பாதி ஸ்வரத்துக்கு மேல் பின்தங்கி வரும் குரலைக் கேட்டுப் பாடினால் தாளம் இழுக்காமல் என்ன செய்யும்?

சவுண்ட் செக்குக்கு இருபது நிமிஷம் கேட்டு வாங்குங்கள். வரிசை முக்கியம். முதலில் தம்புரா, பிறகு குரல், பிறகு வயலின், மிருதங்கம் கடைசி. உங்கள் மானிட்டரில் குரலும் தம்புராவும் வேண்டும், வயலின் கொஞ்சம். மிருதங்கம் வேண்டவே வேண்டாம். அது ஒரு கை தூரத்தில் நேராகவே கேட்கிறது. “ஹலோ, மைக் டெஸ்டிங்” சொல்லிப் பயனில்லை. மந்திர ஸ்தாயியில் ஒரு கார்வை (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம்), தார ஸ்தாயியில் முழுக்குரல், இரண்டையும் பாடிக் காட்டுங்கள். குரல் மைக்கில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டச் சொல்லுங்கள். தொப்பியின் (மிருதங்கத்தின் இடது முகம்) உறுமல் உங்கள் மைக்குக்குள் நுழைவது பெருமளவு குறையும்.

மைக் ஊளையிட்டால் மானிட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு (முன்பக்கச் சத்தத்தை அதிகம் எடுக்கும் வகை) நேர் பின்பக்கம் காது கேட்காது, மானிட்டரை அங்கே வைக்கலாம். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டுக்குப் பின்பக்கம் கொஞ்சம் கேட்கும். அதற்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி வைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒலிக்காரர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவார், நீங்கள் கத்திக்கொண்டே போவீர்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் முதல் ஒரு சாண்வரை இடைவெளி இருக்கலாம். எதை எடுத்தாலும் அதையே காப்பாற்றுங்கள், தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் இறங்கிவிடும். வயலின்காரரைத் திரும்பிப் பார்த்து “பலே” சொல்லிக்கொண்டே சங்கதி (ஒரு வரியை மாற்றி மாற்றி அழகுபடுத்துவது) பாடுபவர்களின் சங்கதி சபைக்குப் போவதில்லை.

நடுவில் சைகை காட்டுவதென்றால் “கூட்டு” என்பதைவிட “வயலினைக் குறை” என்பது நல்லது. ஒருவர் கூட்டினால் அடுத்தவரும் கூட்டச் சொல்வார், பிறகு அதற்கு முடிவே கிடையாது. தம்புராவுக்குச் செல்போன் செயலி வைத்தால் ப்ளூடூத் வேண்டாம், வயரில் மிக்ஸருக்குக் கொடுங்கள். ஏரோப்ளேன் மோடும் கட்டாயம். ராகம் பாடும்போது அழைப்பு வந்தால் சுருதியே நின்றுவிடும்.

வீணை, தஞ்சாவூர்: வாத்தியத்தின் மேலேயே ஒட்டும் கான்டாக்ட் மைக் போட்டால் வீணை நாதமே இல்லை. ஒட்டாவிட்டால் மிருதங்கத்துக்கு அடியில் போய்விடுகிறது. சபாக் கச்சேரியை விட்டுவிடலாம் போலிருக்கிறது.

கான்டாக்ட் மைக்குக்குக் காற்றின் ஒலி தெரியாது, மரத்தின் அதிர்வுதான் தெரியும். அதனால் மீட்டின் “டங்”கும் மெட்டில் விரல் உரசுவதும் பெரிதாகி, கமகத்தின் (ஸ்வரத்தை அசைப்பது) வால் சிறுத்துவிடும். குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்கத்தில் ஒட்டாதீர்கள். குடத்தின் மேல்பலகையில் ஒவ்வொரு அங்குலமாக நகர்த்தி, தாரமும் மந்திரமும் சமமாக வரும் இடத்தைக் கண்டுபிடித்துப் பென்சிலில் குறித்துவையுங்கள். கூடவே குடத்துக்கு ஒரு சாண் மேலே சிறிய கன்டென்சர் மைக் ஒன்று. சபைக்கு இரண்டும் கலந்து போகட்டும், மானிட்டருக்குக் கான்டாக்ட் மட்டும். இல்லையென்றால் கன்டென்சர் ஊளையிடும்.

விட்டுவிடுவதிலும் தப்பில்லை. வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்க வித்வான்களே போய் உட்கார்ந்தார்கள். மைக் கிடையாது, சிலர்தான் சபை. ஐம்பது பேர் கூடத்தில் உங்கள் வீணை தானாகவே போய்ச் சேரும், மிருதங்கக்காரர் மட்டும் அடக்கி வாசிக்க ஒப்புக்கொள்ள வேண்டும்.

மிருதங்கம், மதுரை: தனி (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) ஆரம்பித்ததும் பாதி நாற்காலி காலி. பயிற்சி செய்த ஆசையே போய்விடுகிறது. ஏசி அரங்கில் சுருதியும் நிற்பதில்லை.

கேன்டீன் போண்டாவைத் திட்டிப் பயனில்லை. இரண்டு மணி நேரக் கச்சேரியில் பிரதான உருப்படி முடியும்போதுதான் சபைக்கு முதல் இடைவேளை கிடைக்கிறது. அது உங்கள் தலையில் விழுகிறது. முக்கிய உருப்படியை எழுபதாவது நிமிஷத்துக்குள் முடிக்கப் பாடகரிடம் முன்பே பேசுங்கள். தனியாளாக இருந்தால் எட்டுப் பத்து நிமிஷம், கடம் சேர்ந்தால் பன்னிரண்டு. பாடகர் கையைத் தூக்கித் தெளிவாகத் தாளம் போட வேண்டும்; விஷயம் தெரியாத ரசிகர் கோர்வையை (தாளக் கணக்கோடு முடியும் சொற்கட்டு) பிடிப்பது அந்தக் கையைப் பார்த்துத்தான். அவரே தண்ணீர் குடித்துக்கொண்டு செல்போன் பார்த்தால் சபை ஏன் உட்காரும்?

ஏசி அரங்கைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஏசிக் காற்று வறண்டது, தோல் இறுகி வலந்தலை (வலது முகம்) சுருதி ஏறும். திறந்தவெளிப் பந்தலில் ஈரம் பட்டு இறங்கும். வாத்தியத்தை முக்கால் மணி முன்பே உறையிலிருந்து எடுத்து மேடையில் வையுங்கள், கிரீன் ரூமில் அல்ல. அரங்கக் காற்றுக்குத் தோல் பழகிய பிறகு சுருதி சேர்க்கக் கல்லும் குச்சியும் எடுங்கள். ஏசியில் தொப்பியில் அப்பும் ரவையும் சீக்கிரம் காயும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

வாய்ப்பாட்டு, யாழ்ப்பாணம்: சாகித்தியம் (பாட்டின் வரிகள்) மறந்துவிடுமோ என்பதே முழுநேரக் கவலை. டேப்லெட் வைத்துக்கொள்ளலாமா ஐயா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் குனிந்தால் வாய் மைக்கை விட்டு விலகும். மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வையுங்கள். தானாக அணைவதை நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள்.

மறதியின் காரணம் வேறு. முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாக மனப்பாடம் செய்தால் ஒரு வரி நழுவியதும் மேலே போக வழி இருக்காது. சரணத்தின் மூன்றாம் வரி, அநுபல்லவியின் இரண்டாம் பாதி என்று நடுவிலிருந்து எடுத்துப் பழகுங்கள். மேடையில் நழுவினால் நிற்காமல் முந்தைய வரியையே இன்னொரு சங்கதியோடு பாடுங்கள். அந்த ஒரு ஆவர்த்தனத்தில் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பல்லவிக்குப் போய்விடுங்கள்.

கீபோர்டு, மெல்லிசைக் குழு, சேலம்: கச்சேரி முடிந்த இரவெல்லாம் காதில் ரீங்காரம். மேடைதான் பிழைப்பு.

85 டெசிபலில் எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் கால் மணி. டிரம்ஸ் பக்கத்தில் 100 சாதாரணம். பஞ்சு அடைப்பான் உயர் ஒலியை மட்டும் அதிகம் விழுங்கி எல்லாவற்றையும் மந்தமாக்கும். இசைக்கலைஞர்களுக்கென்றே சமமாக 15 டெசிபல் குறைக்கும் அடைப்பான் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ரீங்காரம் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது மருத்துவரிடம் போக வேண்டும்.

புல்லாங்குழல், கோவை: பதிவு மட்டும் செய்து வாழ முடியாதா?

பியானோ மேதை க்ளென் கூல்ட் 1964 ஏப்ரல் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் வாசித்ததோடு மேடைக் கச்சேரியை நிறுத்தினார். வயது 31. பிறகு 1982-இல் இறக்கும்வரை பதிவுதான். ஆனால் அவர் வாசித்தது எழுதிவைத்த இசை. உங்கள் ஸ்வரத்துக்கு வயலின் என்ன பதில் தரும் என்பதில்தான் மனோதர்மம் (மேடையிலேயே கற்பனையாகப் பாடுவது, வாசிப்பது) ஓடுகிறது, அறையில் தனியாக உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. உங்கள் குழுவினர் நால்வரும் ஒரே அறையில், வெட்டி ஒட்டாமல் பதிவு செய்வது நடுவழி. பிழைப்புக்கு அத்துடன் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

வாய்ப்பாட்டு, சிங்கப்பூர்: கச்சேரி முடிந்த இரவு தவறுகள் மட்டும் மனசில் ஓடுகின்றன. தூக்கமில்லை.

அட்ரினலின் இறங்க நேரமாகும், அந்த நிலையில் காது நல்லதைக் கேட்காது. அன்றிரவு பதிவைக் கேட்காதீர்கள், மூன்று நாள் கழியட்டும். கேட்கும்போது காகிதத்தில் நேரத்தையும் பிழையையும் மட்டும் குறியுங்கள்: “42-ஆம் நிமிஷம், நிரவலில் (ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் இடம்) எடுப்பு தள்ளியது” என்பதுபோல. “மோசம்” என்று எழுதினால் அதை வைத்துப் பயிற்சி செய்ய முடியாது. முடிந்த கையோடு வரும் ரசிகர்களிடம் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசாதீர்கள், களைத்த குரல் கெடுவது அங்கேதான். சாப்பிட்டதும் படுத்தால் அமிலம் தொண்டைவரை ஏறும். மறுநாளும் கச்சேரி இருந்தால் இட்லியோடு நிறுத்திக்கொண்டு, தலைப்பக்கம் கட்டிலுக்கு அடியில் அரை அடி உயர்த்திப் படுங்கள்.