தோட்டக்காணியைத் துண்டு போடலாமா?

யாழ்ப்பாணம் உரும்பிராயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சீதனமாக வந்த 7 பரப்பு (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) செம்பாட்டுத் தோட்டக்காணி, நல்ல தண்ணீர்க் கிணற்றோடு. கோப்பாய்ப் பக்கம் 10 பரப்பு வயலும் உண்டு. கனடாவில் இருக்கும் தமையன், தோட்டத்தை இரண்டு இரண்டு பரப்பாகப் பிரித்து விற்கச் சொல்கிறாராம். வயலையும் மண் போட்டு நிரப்பினால் வீட்டுக்காணி விலைக்குப் போகும் என்கிறாராம் தரகர். “உணவுப் பாதுகாப்பு, காணிப் பயன்பாட்டு மாற்றம் என்று உலகம் முழுக்க ஆய்வு செய்கிறார்கள். அதற்கும் என்னுடைய 7 பரப்புக்கும் என்ன சம்பந்தம்? நான் என்ன செய்யட்டும், ஐயா?”

வயல் விடயம் சுருக்கமானது, தங்கச்சி. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, நெற்காணியை நிரப்ப கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தரகரின் வாய்ப்பேச்சு செல்லாது. அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு பெட்டி மண்கூடப் பறிக்க விடாதீர்கள்.

தோட்டக்காணிக்கு இப்படியான காவல் இல்லை. அதனால்தான் எனக்கு அதைப் பற்றியே கூடுதல் கவலை. நீங்கள் கேட்ட ஆய்வுகளும் இந்த இடத்தில்தான் உங்கள் படலைக்கு வருகின்றன. நகரங்கள் விரிவதால் 2030க்குள் உலகப் பயிர்நிலத்தில் 1.8 முதல் 2.4 வீதம் வரை போய்விடும் என்று 2017இல் வெளிவந்த சர்வதேச ஆய்வொன்று கணக்கிட்டது. கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் அப்படிப் போகிற நிலம் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ 1.77 மடங்கு விளைச்சல் தருவது. இழப்பில் 80 வீதமளவு ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும். மண்ணும் தண்ணீரும் நன்றாக இருந்த இடத்தில்தானே சனம் முதலில் குடியேறியது? ஊர் பெருகும்போது முதலில் மூடப்படுவதும் அதே மண்தான். இணுவில், கோண்டாவில், உரும்பிராய் என்று வலிகாமம் முழுக்க நடப்பது இதுவே.

போன வருடம் தெரிந்த ஒருவரின் காணியில் அத்திவாரம் வெட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று தலைமுறை குழை தாட்டு, எரு போட்டு வளர்த்த சிவந்த மண்ணை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். இரண்டு முழம் போனதும் அலவாங்கு சுண்ணாம்புக்கல்லில் தட்டியது. எங்களிடம் இருக்கும் ஆழம் அவ்வளவுதான். ஒரு காணியைப் பத்து வருடம் தரிசாக விட்டாலும் பதினோராம் வருடம் வெங்காயம் நடலாம். கொங்கிறீற்றுப் போட்ட காணியில் அது நடவாது.

இனித் தண்ணீர். யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம், இறைக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. மேலே அரை அடி குறைந்தால் கீழே 20 அடி போய்விடும். மழையை உறிஞ்சுகிற தோட்டத்தைக் கூரையும் சீமெந்து முற்றமுமாக மாற்றி, அந்தத் தண்ணீரை ஒழுங்கைக்கு விட்டால், பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்துதான் உவராகும்.

2 பரப்பைச் சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 75 அடிகூட வராது. உங்கள் காணியில் அப்படி மூன்று வீடு வந்தால் மூன்று கிணறு, மூன்று மலசலகூடக் குழி. இந்தக் கல்லுக்குள் தண்ணீர் வடிபட்டுப் போவதில்லை, வெடிப்பு வழியே ஓடும். குழிக் கழிவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்றும் அதோடு கிணற்றுக்கு வரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. முக்கியமாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அதனால் ஆபத்து. எங்கள் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இதில் கமக்காரரான எங்களுக்கும் பங்கு உண்டு. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளிக் கொட்டிய யூரியாவும் நைத்திரேற்றாகத்தான் மாறும்; அது எங்கே போனது? ஆகவே தோட்டத்தை வைத்திருந்தால் மட்டும் போதாது, செய்கிற விதமும் மாற வேண்டும்.

அண்ணா ஒரு நியாயம் சொல்லக்கூடும்: 7 பரப்பு மரக்கறி ஊருக்குச் சோறு போடுமா? 1996இல் ரோமில் கூடிய உலக உணவு உச்சிமாநாடு உணவுப் பாதுகாப்பு என்று சொன்னது விளைச்சலின் அளவை மட்டுமல்ல; எல்லாரும், எந்த நேரத்திலும், போதிய சத்தான உணவைப் பெற முடிவதை. “எந்த நேரத்திலும்” என்பது எங்களுக்குப் பட்டுத் தெரிந்த சொல். தொண்ணூறுகளில் பாதை பூட்டி, பொருளாதாரத் தடை இருந்தபோதும், 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றபோதும், வளவில் நாலு மரவள்ளியும் முருங்கையும் நின்ற வீடு எப்படிச் சமாளித்தது என்று அண்ணாவுக்கு நினைவிருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது: காசு கட்டாயம் தேவையென்றால் ஒழுங்கைப் பக்கமாக, கிணற்றிலிருந்து எட்டிய 2 பரப்பை மட்டும் பிரித்து விற்கலாம். காணி உறுதியில் அது பிரிபடாத பங்காக இருந்தால், யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு வாங்க முதல் உரிமை உண்டு, நொத்தாரிசிடம் காட்டுங்கள். மிச்ச 5 பரப்பையும் கிணற்றையும் ஒன்றாக வைத்து, ஊரில் செய்கிற ஒருவருக்கு எழுத்தில் குத்தகைக்குக் கொடுங்கள். வருடத்தில் ஒரு தரம் சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும், யூரியாவை விவசாயப் போதனாசிரியர் சொல்கிற அளவுக்கு மேல் போடக்கூடாது என்ற இரண்டையும் அதிலே எழுதுங்கள். வயலைக் குத்தகைக்கு விடுவது வேறு கதை; அங்கே செய்கைக்காரருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு, முதலில் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

அண்ணாவோடு முடிவாகப் பேசுமுன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். கோடையின் கடைசியில் ஒருக்கால், மாரி முடிந்து தையில் ஒருக்கால். பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி நிரப்புங்கள். வெயில் படாமல் குளிர வைத்து, அன்றைக்கே ஆய்வுகூடத்தில் கொடுத்து, நைத்திரேற்றும் உப்பும் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.