நூலகர் இல்லாத பள்ளியில் தகவல் எழுத்தறிவு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. நம் தென்னாப்பிரிக்காவின் பழைய மாப்புங்குப்வே அரசைப் பற்றிக் கட்டுரை எழுதி வரும்படி சென்ற மாதம் பிள்ளைகளிடம் சொன்னேன். பெரும்பாலோர் ஒரே இணையப் பக்கத்தை வரிக்கு வரி எழுதி வந்தார்கள். சிலர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கி வந்தார்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் "போனிலிருந்து" என்பதற்கு மேல் அவர்களிடம் பதில் இல்லை. பள்ளி நூலக அறையில் இப்போது பழைய மேசைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் ஊரில் நடந்த கொலைகளைத் தாங்கள் அறிவீர்கள். அன்று கைப்பேசிக்கு வந்த எதையும் யாரும் நின்று விசாரிக்கவில்லை என்பது இன்றும் என் உறக்கத்தைக் கெடுக்கிறது. தகவலைத் தேடிச் சோதித்துப் பயன்படுத்தும் திறனை, அதாவது தகவல் எழுத்தறிவை, தனிப் பாடமாக்க வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். கோடிங், ரோபாட்டிக்ஸ் பாடம் வரவிருக்கிறது, அது போதும் என்றார்கள் வேறு சிலர். தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

தனிப் பாடம் வேண்டாம் என்பதே என் கருத்து. நம் பாடத்திட்டத்தில் அது எழுத்தளவில் எப்போதோ இடம்பெற்றுவிட்டது. நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1997இல் அறிவிக்கப்பட்ட 'பாடத்திட்டம் 2005', தகவலைத் திரட்டவும் பகுத்தாயவும் ஒழுங்குபடுத்தவும் மதிப்பிடவும் தெரிந்த மாணவரை உருவாக்குவதைத் தன் குறிக்கோள்களில் ஒன்றாக வைத்திருந்தது. 2012 முதல் நடைமுறைக்கு வந்த இன்றைய பாடத்திட்டத்தின் முன்பகுதியிலும் அந்த வரி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. உங்கள் மேசையிலுள்ள பாட ஆவணத்தின் முதல் சில பக்கங்களைப் புரட்டினால் நீங்களே காணலாம். பிள்ளைகள் தாமாகத் தேடிப் படித்துத் திட்டப்பணி செய்ய வேண்டும் என்று அந்த முதல் பாடத்திட்டம் எதிர்பார்த்தது. தேடுவதற்கான நூல்களோ, தேடக் கற்றுத்தரும் ஆளோ பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. கல்வி ஆய்வாளர் லிண்டா சிஸ்ஹோம் தலைமையிலான மறுஆய்வுக் குழு 2000ஆம் ஆண்டில் அந்தப் பாடத்திட்டத்தைக் குறை கூறியபோது, கற்றல் பொருட்களின் பற்றாக்குறையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

நீங்கள் மாப்புங்குப்வேயைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980களில் நான் டர்பனில் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்தில் படித்தபோது, இந்தியர் கல்வி நிர்வாகத்தின் கீழிருந்த எங்கள் பள்ளியில் வாரம் ஒரு நூலக வகுப்பு உண்டு. அதற்கென்றே ஓர் ஆசிரியர் இருந்தார். வெள்ளையர் இந்த நாட்டுக்குள் வந்தபோது உள்நாட்டு நிலம் பெரும்பாலும் ஆளற்றுக் கிடந்தது என்பதுதான் அன்றைய வரலாற்றுப் பாடநூலின் கதை. ஒரு நாள் அவர் அந்தப் பக்கத்தை எங்களைப் படிக்கச் செய்தார். பிறகு அலமாரியிலிருந்து தொல்லியல் நூல் ஒன்றை எடுத்து வந்து, லிம்போபோ ஆற்றங்கரைக் குன்று ஒன்றில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓர் ஆப்பிரிக்க அரசு இருந்ததையும், 1930களில் அங்கே பொன்னாலான காண்டாமிருக உருவம் கண்டெடுக்கப்பட்டதையும் விவரிக்கும் பக்கத்தைத் திறந்து அதனருகில் வைத்தார். இரண்டில் எது சரி என்று அவர் சொல்லவில்லை. நூலை எழுதியவர் யார், வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு, அவருக்கு இந்தச் செய்தி எப்படித் தெரியவந்தது என்ற நான்கு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, எங்களை இரண்டு நூல்களையும் புரட்ட விட்டார். அரசு தடைசெய்த நூல்கள் எங்கள் அலமாரியில் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும்கூட அந்த மனிதரிடமிருந்தே அறிந்துகொண்டோம். தகவல் எழுத்தறிவு என்ற சொல்லை நான் கேள்விப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் முழுப் பாடமும் எனக்குக் கிடைத்துவிட்டது.

அந்த வசதியும் நிறவெறியின் பங்கீட்டில் எங்களுக்குக் கிடைத்ததே என்பதை நான் மறக்கவில்லை. சில கிலோமீட்டர் தொலைவில், ஆப்பிரிக்கர்களின் குடியிருப்பான உம்லாசியிலிருந்த பிள்ளைகளுக்கு அது மறுக்கப்பட்டது. 1994க்குப் பின் ஆசிரியர் பணியிடங்களை எல்லாப் பள்ளிகளுக்கும் சமமாகப் பங்கிட்டது நீதியான செயல். ஆனால் மாணவர் தலையெண்ணி இடங்கள் கணக்கிடப்பட்டபோது, வகுப்பறைக்கு வெளியே இருப்பவராகக் கருதப்பட்ட நூலக ஆசிரியர்தான் முதலில் போனார். உம்லாசிக்கும் கொண்டுசென்றிருக்க வேண்டிய ஒன்று சாட்ஸ்வொர்த்திலும் இல்லாமல் போயிற்று. கட்டணம் வசூலிக்க வலுவுள்ள பள்ளிகள் தம் நிர்வாகக் குழுவின் பணத்தில் நூலகரை வைத்துக்கொண்டன. 2013 நவம்பரில் வெளியான பள்ளிக் கட்டமைப்பு விதிகள், ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகம் வேண்டும் என்று பத்தாண்டுக் கெடு வைத்தன. அந்தக் கெடு கடந்துவிட்டது. அந்த விதிகள் பேசுவதும் அறையையும் நூல்களையும் பற்றித்தான், அங்கே உட்கார வேண்டிய ஆளைப் பற்றியல்ல. 'ஒரு பள்ளி, ஒரு நூலகம், ஒரு நூலகர்' என்று ஈக்வல் எஜுகேஷன் அமைப்பின் மாணவர்கள் ஊர்வலம் போனபோது, அந்த மூன்றாவது சொல்லைத்தான் நான் இறுகப் பற்றிக்கொண்டேன்.

இதற்கும் அடியில் வேறொரு பள்ளம் இருக்கிறது. 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், நம் நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர், படித்ததைப் பொருளுணர்ந்து படிக்க இயலாத நிலையில் இருந்தனர். 2016இல் அது 78 ஆக இருந்தது. பெருந்தொற்றுக் காலப் பள்ளியடைப்பும் இதில் சேர்ந்திருக்கிறது என்பது உண்மையே. ஆங்கிலம் புரியாததால் வந்த வினை என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தேர்வு, பிள்ளைகள் முதல் மூன்று வகுப்புகளில் பயின்ற மொழியிலேயே, அதாவது பலருக்கு இசிசுலு, இசிக்கோசா, செப்பெடி போன்ற தாய்மொழிகளிலேயே நடத்தப்பட்டது. ஒரு பத்தியைப் படித்து அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று கூற முடியாத பிள்ளையிடம், அதைச் சொன்னவரை நம்பலாமா என்று எப்படிக் கேட்பது? எனவே உங்கள் பள்ளியின் முதல் மூன்று வகுப்பு ஆசிரியர்களையும் இந்த வேலையில் பங்காளிகளாகவே நான் கருதுகிறேன்.

2021 ஜூலையைப் பற்றி எழுதாமல் தவிர்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். நீங்கள் துணிந்து குறிப்பிட்ட பிறகு நான் ஒதுங்குவது முறையாகாது. ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். அந்த நாட்களில் என் கைப்பேசிக்கும் குரல் பதிவுகள் வந்தன: இந்தத் தெருவை நோக்கி லாரிகள் வருகின்றன, அந்தக் கோயிலைக் கொளுத்திவிட்டார்கள் என்று. பேசியவர் யார், எங்கே நின்று பேசுகிறார், தன் கண்ணால் கண்டாரா என்ற எதுவும் அவற்றில் இல்லை. கேட்டவர்கள் படிக்காதவர்களும் அல்லர். கொலைக்குக் காரணம் வதந்தி மட்டுமே என்று நான் சொல்லமாட்டேன். அச்சமும், நிறவெறி நமக்குள் ஊன்றிவிட்டுப் போன இன வெறுப்பும், காவல்துறை வராததும் சேர்ந்துதான் அது நடந்தது. ஆனால் அந்த வெறுப்புக்குத் தீனியாக வந்தவை அந்தக் குரல்கள். அதே ஆண்டு ஜனவரியில், ஐந்தாம் தலைமுறை அலைவரிசையால் கொரோனா பரவுகிறது என்று நம்பி, இதே குவாசுலு-நட்டாலில் கைப்பேசிக் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிறவெறிக் காலத்தில் அரசு வானொலியை நம்பாதிருக்க நாம் கற்றோம். அது தேவையாக இருந்தது. ஆனால் அரசை நம்பாத அதே மனம், அண்டை வீட்டுக்காரர் அனுப்பியது என்பதாலேயே ஒரு குரல் பதிவை அப்படியே நம்பிவிடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். நம் பிள்ளைகளின் வீடுகளில் பலர் வாங்குவது வாட்ஸ்அப்பு மட்டும் இயங்கும் சிறு டேட்டா தொகுப்பு. செய்தி வந்து சேரும், அதைச் சரிபார்க்க வேறொரு பக்கத்தைத் திறப்பதற்குத் தனியாகக் காசு வேண்டும். டேட்டா விலை பற்றிய போட்டி ஆணையத்தின் 2019 அறிக்கைக்குப் பிறகு, 2020இல், கைப்பேசி நிறுவனமான வோடகாமில் மாதத்துக்கான 1 ஜிபி, 149 ரேண்டிலிருந்து 99 ரேண்டுக்கு இறங்கியது. அது பெரிய ஆறுதல்தான், ஆனாலும் ஒரு வேலையற்ற குடும்பத்துக்கு அந்த விலையும் சிறு தொகையாக இருக்கவில்லை. ஜொகானஸ்பர்கில் 2012இல் தொடங்கப்பட்ட ஆப்பிரிக்கா செக் போன்றவர்களின் சரிபார்ப்புப் பணி மிக உயர்ந்தது. ஆயினும் அவர்களின் இணையப் பக்கம் இருப்பது அந்தத் தொகுப்புக்கு வெளியே. அரசிடமுள்ள தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை நம் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு எல்லோருக்கும் தந்திருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு வேதனையே மிஞ்சுகிறது.

கோடிங் பாடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது நல்லது, வரட்டும். ஆனால் அது கருவிக்குக் கட்டளையிடக் கற்றுத்தரும். கருவி தரும் விடையை யாரைக் கொண்டு சோதிப்பது என்பது வேறு பயிற்சி.

உங்கள் வகுப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே அமைந்த வழி இது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களின் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், ஊர் எல்லாம் உண்டு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்தூலி ஆவண மையத்தை அணுகினால் உதவுவார்கள். பிள்ளைகள் முதலில் வீட்டில் ஆயாவிடமும் தாத்தாவிடமும் கேட்டு, குடும்பம் எந்த ஊரிலிருந்து, எப்போது வந்தது என்று எழுதட்டும். பிறகு பட்டியலைப் பார்க்கட்டும். காதில் விழுந்தபடி எழுத்தர் எழுதிய பெயர் மாறியிருக்கும், நம் கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனதைப் போல. வயது பொருந்தாது, ஊர் வேறாக இருக்கும். ஆயா சொன்னது தவறா, எழுத்தர் எழுதியது தவறா, இரண்டும் எப்படி உண்டாயின என்று அவர்கள் வாதிடட்டும். தமிழ் முன்னோர் இல்லாத பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களின் பாட்டிமார் சொல்லும் இடப்பெயர்வுக் கதைகளையும் இதே போல ஒரு பழைய வரைபடத்தோடோ செய்தித்தாளோடோ ஒப்பிடலாம்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு, வீட்டுக்கு வந்த ஒரே ஒரு வாட்ஸ்அப்புச் செய்தியை எழுதி வரச் சொல்லி, அதே நான்கு கேள்விகளைப் பலகையில் எழுதுங்கள். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் நான் எடுக்கும் தமிழ் வகுப்பிலும் இதைத் தொடங்கவிருக்கிறேன். பட்டியலில் உங்கள் பிள்ளைகள் கண்டதை எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்த நூலக அறையிலிருந்து மேசைகளை வெளியேற்ற ஆள் தேவைப்பட்டால், அதற்கும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நான் வருகிறேன்.

அன்புடன்