பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் பெட்டேஸ் நொதியில் போட்ட பாட்டில் துண்டின் எடை 2 வாரமாகியும் குறையவில்லையா?

நொதி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிக்கல் பெரும்பாலும் துண்டில்தான். பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை ஊதி இழுக்கும்போது சுவரில் மூலக்கூறுச் சங்கிலிகள் இறுகிப் படிகமாகிவிடும். பெட்டேஸுக்கு அதில் பல் இறங்காது. 2016-இல் ஜப்பான் ஆய்வுக் குழு இந்த நொதியைச் சுரக்கும் பாக்டீரியாவுக்குக் கொடுத்த பெட் படலத்தின் படிகத்தன்மை வெறும் 1.9%. அதைச் சிதைக்கவே 30 டிகிரியில் 6 வாரம் பிடித்தது!

அதே பாட்டிலின் மூடி திருகும் கழுத்தை நறுக்குங்கள். அது இழுபடாத பகுதி, கண்ணாடி மாதிரி இருக்கும். கழுத்தையும் சுவரையும் ஒரே அளவுத் தூளாக்கித் தனித்தனிச் சோதனைக் குழாயில் நொதியோடு போடுங்கள். கழுத்துத் தூள் மட்டும் குறைந்தால் நொதி நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம், நன்றாக உலர்த்திவிட்டு எடை போடுங்கள்.

வெள்ளைக் கழுத்து மட்டும் வேண்டாம். சூடாக நிரப்பும் ஜூஸ் பாட்டில்களில் அதை வேண்டுமென்றே படிகமாக்கியிருப்பார்கள்.