சொந்தக் காந்தம் இல்லாத வெள்ளி: வாசகர் கேள்வி பதில்

வெள்ளிக் கோளுக்குக் காந்தப்புலமே இல்லை என்று படித்தேன். அப்படியானால் விண்கலம் அங்கே எதை அளந்தது? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

கோளின் உள்ளிருந்து பிறக்கும் புலம்தான் அங்கே இல்லை. சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று தன்னோடு ஒரு காந்தப்புலத்தை இழுத்து வருகிறது. வெள்ளியின் அயனி மண்டலம், அதாவது மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கு, மின்சாரத்தைக் கடத்தும். அதனால் அந்தப் புலம் லேசில் உள்ளே புக முடியாமல் வெளியே வளைந்து குவிந்து நிற்கும்.

1978 டிசம்பரில் அங்கே போய்ச் சேர்ந்த நாசாவின் பயனியர் வீனஸ் ஆர்பிட்டர் விண்கலம், சுமார் 150 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கி இந்த மண்டலத்தை ஊடுருவிப் பறந்தது. உள்ளே பெரும்பாலும் புலம் மிகக் குறைவு. ஆனால் இடையிடையே சில நொடிகள் மட்டும் அளவு சட்டென்று ஏறி இறங்கியது. அவை முறுக்கிய காந்தக் கயிறுகள்! நடுவில் புலம் நீளவாக்கில் ஓடும். ஓரத்துக்குப் போகப் போகச் சுற்றிக்கொள்ளும். கோள் ஆய்வில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு எனக்குத் தெரிந்து குறைவு.

சூரியக் காற்றின் அழுத்தம் கூடினால் கதை மாறும். அப்போது கிடைமட்டமான பெரிய புலம் மண்டலத்தின் அடிவரை இறங்கிவிடுகிறது.

இவ்வளவு சின்ன அளவை விண்கலத்தின் மின்கம்பிகளே கெடுத்துவிடாதா? (ஆசிரியர், வள்ளியூர்)

கெடுக்கும், சார். திருநெல்வேலியில் பூமியின் புலம் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). வெள்ளியின் கயிறுகளில் சில பத்துகள்தான். அதனால் உணரியைக் கம்பத்தின் நுனியில், கலத்தைவிட்டுத் தள்ளி வைப்பார்கள். 2006இல் வெள்ளியை அடைந்த ஐரோப்பிய விண்கலமான வீனஸ் எக்ஸ்பிரஸில் கம்பம் ஒரு மீட்டர்தான். ஆகவே கலத்தின் உடலிலேயே இன்னொரு உணரியும் இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கலத்தின் சொந்தப் புலத்தைக் கழித்தார்கள்.

மங்கள்யான் செவ்வாயில் இதை அளந்ததா? (அம்பாசமுத்திரம்)

இல்லை, அதில் காந்தமானி கிடையாது. மங்கள்யான் போன அதே 2014 செப்டம்பரில் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த நாசாவின் மேவன் கலத்தில் உண்டு.

நம்ம ஊரில் இப்படி ஏதாவது பார்க்க முடியுமா? (கிருஷ்ணாபுரம்)

உங்கள் ஊரிலேயே நடக்கிறது! இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. பூமியின் புலம் தரைக்குக் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போவதால், பகலில் நம் தலைக்கு மேல் 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் பலத்த மின்னோட்டம் பாய்கிறது. உச்சிவேளையை ஒட்டித் தரையில் புலம் பல பத்து நானோடெஸ்லா கூடும். இந்த அளவிலிருந்து மும்பைக்குத் தெற்கே, இந்த மின்னோட்டத்துக்கு வெளியே உள்ள அலிபாக் நிலையத்தின் அளவைக் கழித்தால் அந்த மின்னோட்டத்தின் பலம் தெரியும். வெள்ளியில் இந்த வசதி இல்லை. நொடிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் ஒற்றைக் கலத்துக்கு, புலம் மாறியது இடத்தாலா நேரத்தாலா என்று பிரித்துச் சொல்வதே பெரிய பாடு.