டீச்சரைக் கேளுங்கள்: அந்த ஐந்து நிமிஷம்

போன இதழில் ஒரு வாசகர், ரோமியோ ஜூலியட் கதையை இந்தியில் யாராவது பிரமாண்டமாக எடுத்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். சஞ்சய் லீலா பன்சாலியின் 'கோலியோன் கி ராஸ்லீலா ராம்-லீலா' (2013) இருக்கிறதே, பாருங்கள் என்று ஒரு வரியில் பதில் போட்டேன். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் என்று சுற்றுவட்டாரமே உட்கார்ந்து பார்த்துவிட்டு இப்போது என் மேல் பாய்கிறது. அதனால் இந்தத் தடவை முழுப் பக்கமும் இந்தப் படத்துக்கே.

பார்க்காதவர்களுக்காக: குஜராத்தில் ரஞ்சார் என்று ஒரு கற்பனை ஊர். காய்கறி மாதிரி துப்பாக்கியைக் கடை பரப்பி விற்பார்கள். ரஜாடி, சனேடா என்று பரம்பரைப் பகை கொண்ட இரண்டு கூட்டம். ரஜாடிப் பையன் ராம் (ரன்வீர் சிங்), சனேடாப் பெண் லீலா (தீபிகா படுகோன்). கடைசியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு இருவரும் சாகிறார்கள். முடிவைப் போட்டு உடைத்துவிட்டேன் என்று கோபப்படுகிறவர்கள், கடைசிக்கு முந்தின கேள்வியைப் பார்க்கவும்.

டீச்சர், கிளைமாக்ஸ் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சமாதானம் ஆகிவிட்டது என்ற சேதி வந்துகொண்டிருக்கிறது, அதற்குள் சுட்டுக்கொள்கிறார்கள். ஒரு ஐந்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? விடுதியில் எல்லாரும் 'முட்டாள்தனமான முடிவு' என்கிறார்கள்.
(கல்லூரி மாணவி, தேவகோட்டை)

நீ கேட்கிற அந்த ஐந்து நிமிஷத்தில்தானம்மா ஷேக்ஸ்பியரின் நாடகமே இருக்கிறது. ஜூலியட் செத்தது போலக் கிடக்க ஒரு மருந்து குடிக்கிறாள். விவரத்தை எழுதி பாதிரியார் லாரன்ஸ் இன்னொரு பாதிரியார் கையில் கொடுத்து அனுப்புகிறார். அந்த மனிதர் போன வீட்டில் கொள்ளை நோய் என்று சந்தேகப்பட்டு, அவரையும் உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிடுகிறார்கள். கொரோனா காலத்தில் நம் தெருவில் தகரம் வைத்து அடைத்தார்களே, அதேதான். கடிதம் போய்ச் சேரவில்லை. ஜூலியட் செத்துவிட்டாள் என்ற பொய்ச் செய்தி மட்டும் சரியான நேரத்துக்கு ரோமியோவிடம் போய்விடுகிறது. அவன் வந்து விஷம் குடித்துச் சாய்ந்த பிறகு அவள் கண் விழிக்கிறாள்.

நம் பக்கத்துக் கதையிலும் இப்படித்தான். சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் இளவரசி உனக்கு என்று சோழ மன்னன் அம்பிகாபதியிடம் சொல்கிறான். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டு, நூறு ஆயிற்று என்று அமராவதி வெளியே வருகிறாள். ஆனது தொண்ணூற்றொன்பது. அவளைக் கண்டதும் அவன் வாயில் அடுத்த பாட்டு காதல் பாட்டாக வந்துவிடுகிறது, தலை போகிறது. அந்தப் பிள்ளையின் தகப்பன் கம்பர் அடங்கிய இடம் நாட்டரசன்கோட்டையில் இருக்கிறது. பங்குனி அத்தத்துக்கு வருஷா வருஷம் அங்கே போகிற நமக்கு, ஒரு எண்ணிக்கை பிசகி ஒரு உயிர் போகும் என்பதைப் பன்சாலி வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உன் தோழிகளையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூலியட் கையில் எந்த அதிகாரமும் கிடையாது. லீலா அப்படி இல்லை. அம்மா சுடப்பட்டுப் படுத்த பிறகு சனேடாக்களின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். நிறுத்து என்று சொல்லக்கூடிய இடத்தில் இருக்கிறவள், சாவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று முடிவெடுக்கிறாள். அவள் சொன்னாலும் கேட்க ஆள் இல்லை என்பதை நமக்கு நன்றாகக் காட்டியிருந்தால் அது துயரம். தசரா வெளிச்சத்திலும் மேளச் சத்தத்திலும் இயக்குநர் அந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறார். எனக்கும் குறை அங்கேதான். இறந்ததில் இல்லை, இறக்கத்தான் வேண்டும் என்று நம்மை நம்ப வைக்காமல் போனதில்.

ரத்தம், ஆட்டம், படுக்கை, திரும்ப ரத்தம். இதைக் குடும்பத்தோடு பார்க்கச் சொன்னீர்களே, நியாயமா?
(அரிசி ஆலைக் கணக்கர், புதுவயல்)

பாருங்கள் என்றேன் ஐயா, குடும்பத்தோடு என்று சொல்லவில்லை. இன்னொன்று, ஷேக்ஸ்பியர் சைவம் என்று நாம் நினைப்பதற்குப் பாடப்புத்தகம்தான் காரணம். ஜூலியட்டின் செவிலியும் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவும் பேசுகிற பேச்சில் பாதியைப் பள்ளிப் பதிப்புகளில் வெட்டிவிடுவார்கள். வெட்டாத பதிப்பை வாங்கிப் படித்தால் பன்சாலியை மன்னித்துவிடுவீர்கள். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுகிறதே, அதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு அரை மணி நேரத்தைக் கத்திரித்திருக்கலாம்.

எனக்கு ராமையும் பிடிக்கவில்லை, லீலாவையும் பிடிக்கவில்லை. அந்த அம்மாவைத்தான் பிடித்தது. எனக்கு மட்டும்தான் இப்படியா?
(இல்லத்தரசி, கோட்டையூர்)

உங்களுக்கு மட்டுமில்லை. வந்த கடிதங்களில் லீலாவின் அம்மா தன்கோரைப் பற்றி எழுதாதவர் குறைவு. மூலத்தில் ஜூலியட்டின் அம்மாவுக்குச் சின்ன வேடம்தான். கத்துவது, மிரட்டுவது, வீட்டை விட்டுப் போ என்பது எல்லாம் அப்பாவுடைய வேலை. இந்தப் படத்தில் அப்பாவை எடுத்துவிட்டு அம்மாவைத் தலைவியாக்கினார்கள். என் கணக்கில் படத்தின் மிகப் பெரிய நல்ல காரியம் அதுதான். மகள் மோதிரத்தைக் கழற்ற மறுத்ததும் தன்கோர் அந்த விரலையே வெட்டுகிற காட்சியில், தன்கோராக நடித்த சுப்ரியா பாதக்கின் முகத்தைப் பாருங்கள். அந்த வருஷத்துக்கான ஃபிலிம்பேரில் தீபிகாவுக்குச் சிறந்த நடிகை, இவருக்குச் சிறந்த துணை நடிகை. இரண்டில் இவருடையதுதான் எனக்குச் சந்தேகமே இல்லாத விருது.

என் எதிர்வீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்தி ஒரு எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் போட்டபோது வந்து உட்கார்ந்தவர், தன்கோர் வந்து இரண்டு காட்சி ஆனதும் கேட்டார்: "இவ வீட்டு ஆம்பளை எங்கே? பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போயிருக்காகளா?" சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, ரங்கூன், மலேயா, சிலோன் என்று வருஷக்கணக்கில் போய்விட, வளவு நிறையப் பிள்ளைகுட்டியையும் சாவிக்கொத்தையும் கணக்கையும் வைத்து ஆண்ட ஆச்சிகளின் ஊர் இது. பெண் ஒருத்தி முகப்பில் உட்கார்ந்து நாலு பேரை ஏவினால் நமக்கு அது சினிமாவாகத் தெரிவதில்லை. விரலை வெட்டுகிற இடத்தில் மட்டும் ஆச்சி எழுந்து போய்விட்டார். பிறகு வந்து, "வெட்டிட்டு அவ அழுதாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி, பொல்லாதவதான்" என்றார்.

எல்லார் கையிலும் போன் இருக்கிற காலத்தில் இந்தக் கதை எப்படி நிற்கும்?
(கைபேசிக் கடை வைத்திருப்பவர், காரைக்குடி)

உங்கள் தொழிலுக்கேற்ற கேள்வி. கடிதம் தொலைந்தது என்று இனிமேல் எடுக்க முடியாது. அதனால்தான் இப்போதைய படங்களில் காதலர்கள் தகவல் தெரியாமல் சாவதில்லை, தெரிந்தே சாகிறார்கள். ராம்-லீலாவுக்கு முந்தின வருஷம் வந்த 'இஷக்ஸாதே'யிலும் இதே முடிவுதான், ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். தற்செயலை எடுத்துவிட்டால் பழியைக் காதலர்கள் தலையில்தான் போட வேண்டியிருக்கிறது.

நம்ம செட்டிநாட்டில் இந்தக் கதையை எடுத்தால் எப்படி இருக்கும் டீச்சர்? வீடெல்லாம் ரெடியாக இருக்கிறது!
(குறும்பட இயக்குநர், கானாடுகாத்தான்)

வீடு ரெடிதான் தம்பி, ஆத்தங்குடிக் கல்லும் பர்மா தேக்கும் கேமராவுக்கு அழகாகத்தான் இருக்கும். கதை ரெடியாக இல்லையே. இங்கே துப்பாக்கி எடுக்கிற பகைக்கு எங்கே போவாய்?

நகரத்தார் வழக்கத்தை எடுத்துக்கொள். ஒவ்வொரு குடும்பமும் ஒன்பது கோயிலில் ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இளையாத்தங்குடி, மாத்தூர்க்காரர்களுக்கு உட்பிரிவுக் கணக்கு தனி, அதைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள். ரோமியோ ஜூலியட்டின் ஊரான வெரோனாவில் இரண்டு வீடும் பகை, அதனால் கல்யாணம் நடக்காது. இங்கே இரண்டு வீடும் ரொம்ப நெருக்கம், அதனால் நடக்காது. பையன் வீட்டில் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்குப் பெண் வீட்டார் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள், சத்தம்கூடப் போட மாட்டார்கள். பையனுக்குத் திடீரென்று சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிடும். பெண்ணின் அப்பச்சி (அப்பா) மட்டும் ஒரு மாசத்துக்கு எதிர் வரிசை ஜன்னல் பக்கம் திரும்பாமல் நடப்பார். ரோமியோ ஜூலியட்டில் பகையை எடுத்துவிட்டு மரியாதையை வைத்துப் பார். பன்சாலிக்கு வராத படம் உனக்கு வரலாம். வாளும் மேளமும் தேவைப்படாது, செலவும் குறைவு.

ஒரே ஒரு வேண்டுகோள்: பாட்டுக்காக நூறு பேரை முற்றத்தில் இறக்காதே. அந்தத் தரையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பாவம்.

நான் இந்தியில் பிரவேசிகா தேர்வு பாஸ் செய்தவன். படத்தில் பாதி வசனம் புரியவில்லை. என் இந்தி போதாதா?
(கல்லல் வாசகர்)

போதும். அது குஜராத்தி வாடை தூக்கலாக அடிக்கிற இந்தி, விஷாரத் முடித்தவர்களும் திணறுவார்கள். 'மோர் பனீ தன்காட் கரே' பாட்டு முழுக் குஜராத்தியேதான். தாகூரின் வங்காள மழைக்காலக் கவிதையை ஜவேர்சந்த் மேகானி குஜராத்திக்குக் கொண்டுவந்தது. படத்துக்கு இசையும் பன்சாலியே. அந்தப் பாட்டைப் புரியாமலே கேளுங்கள்.

இப்போதுதான் ஏ.ஐ. வந்துவிட்டதே. சோக முடிவை எல்லாம் சந்தோஷ முடிவாக மாற்றிவிட்டால் என்ன? எனக்கு வயசாகிவிட்டது, அழ விருப்பமில்லை.
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பள்ளத்தூர்)

செய்தே விட்டார்கள் ஐயா. தனுஷ் நடித்த இந்திப் படம் 'ராஞ்சணா' 2013இல் தமிழில் 'அம்பிகாபதி' என்று வந்தது. 2025 ஆகஸ்டில் அந்தத் தமிழ்ப் பதிப்பை மறுபடி வெளியிட்டபோது, சாகிற நாயகன் பிழைத்துக்கொள்கிற மாதிரி ஏ.ஐ. வைத்து முடிவை மாற்றினார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். படத்துக்கு வைத்த பேர் அம்பிகாபதி, பிழைக்கிற அம்பிகாபதி! கம்பர் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார், அவரும் தகப்பன்தானே.

உங்கள் ஆசை புதிதும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் ஜேம்ஸ் ஹோவர்ட் என்பவர் ரோமியோவும் ஜூலியட்டும் உயிரோடு இருக்கிற மாதிரி மாற்றி எழுதினார். ஒரு நாள் சோக முடிவு, மறு நாள் சுப முடிவு என்று மாற்றி மாற்றி நடித்தார்களாம். எனக்கு அந்த ஏற்பாட்டில் ஆட்சேபணை இல்லை, எந்த நாள் எது என்று வாசலில் எழுதிப் போட்டுவிட்டால் சரி. எடுத்தவரைக் கேட்காமல் மாற்றுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அழ விருப்பமில்லை என்றால் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் டி.வி.யை அணைத்துவிடுங்கள். எதிர்வீட்டு ஆச்சி பல படங்களை அப்படித்தான் பார்க்கிறார்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறீர்கள். பாதி ருசி போய்விடுகிறது.
(பலர்)

ஷேக்ஸ்பியர், நாடகத்தின் முதல் பாட்டிலேயே இவர்கள் இறக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் திரையைத் தூக்குகிறார். திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் நாடகம் பார்க்கிறோமே, முருகன் வள்ளியைக் கட்டுவாரா மாட்டாரா என்று யாராவது நகம் கடித்தோமா? விடியற்காலை வரைக்கும் நம்மை உட்கார வைத்தது வள்ளியும் நாரதரும் செய்கிற தர்க்கம்.

சரி டீச்சர், ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. ராம்-லீலாவா, வேறா?
(செவிலியர், புதுக்கோட்டை)

வேறு. 1988இல் வந்த 'கயாமத் சே கயாமத் தக்'. மன்சூர் கான் இயக்கியது, ஆமிர் கானும் ஜூஹி சாவ்லாவும். அதிலும் இரண்டு குடும்பப் பகைதான், சாவுதான். ஆனால் அந்தப் பையனும் பெண்ணும் பக்கத்துத் தெருவில் இருக்கக்கூடியவர்கள். ஓடிப்போய் ஆளில்லாத இடத்தில் குடித்தனம் நடத்துகிற பகுதியைப் பார்க்கும்போது, இவர்களை இப்படியே விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றும். ராம்-லீலாவைப் பார்த்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை, கண்தான் நிறைந்தது. இரவு டூட்டி இல்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள்.

பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்கள் அஞ்சலட்டையில் திட்டவும். வாட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவுகளை உட்கார்ந்து எழுத என்னால் ஆகவில்லை.