வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் சாதாரண மக்கள் பங்கேற்பது நடக்கிற காரியமா?

பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தங்களை நிபுணர்கள்தானே பேசி முடிக்கிறார்கள், அதைப் பொதுமக்களுக்குப் புரியவைத்துப் பங்கேற்க வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நுகர்வோர் அமைப்புக்காகச் சில காலம் இந்த வரைவுகளைப் படித்துச் சுருக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். அந்த வேலையில் எனக்குப் புரிந்தது இதுதான்: மக்களுக்கு விஷயம் புரியாததைவிட, அது அவர்கள் கைக்குத் தாமதமாக வருவதுதான் பெரிய தடை.

ஒரு ஒப்பந்தம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். எதை எதைப் பேசலாம் என்று அரசு தன் பேச்சாளர்களுக்கு முதலில் ஓர் ஆணை தருகிறது. அப்புறம் சுற்றுச் சுற்றாகப் பேச்சு நடக்கிறது. அத்தியாயங்கள் ஒவ்வொன்றாக முடிகின்றன, சட்ட வாசகம் சரிபார்க்கப்படுகிறது, கையெழுத்தாகிறது. நாடாளுமன்றத்துக்கு ஒப்பந்தம் வருகிற நாடுகளிலும் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. மொத்தமாக ஏற்கலாம், அல்லது மொத்தமாக நிராகரிக்கலாம். அந்தக் கட்டத்தில் ஒரு வரியை மாற்றவும் எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டும். ‘மக்கள் கருத்துக் கேட்பு’ பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் நடக்கிறது. அது விளம்பரக் கூட்டம், அவ்வளவுதான்.

விளைவு என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 1995-இல் ஒரு பலதரப்பு முதலீட்டு ஒப்பந்தத்தைப் பேசத் தொடங்கியது. 1997-இல் அதன் வரைவு கசிந்து இணையத்தில் பரவியது. 1998 அக்டோபரில் பிரான்ஸ் விலகியது, முயற்சியே கைவிடப்பட்டது. போலிப் பொருள் எதிர்ப்பு ஒப்பந்தமான ஆக்டாவின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். வருடக்கணக்கில் மூடிய அறைப் பேச்சு, கசிவுகள், தெருப் போராட்டம். கடைசியில் 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 478-க்கு 39 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. ‘மக்களுக்குப் புரியவில்லை’ என்று அலுத்துக்கொண்ட அதிகாரிகள் உண்டு. உள்ளே வர வழி இல்லாதபோது மொத்தமாக வேண்டாம் என்பதைத் தவிர மக்கள் வேறு என்ன சொல்வார்கள்?

ரகசியம் வேண்டும் என்பவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வீடு வாங்கப் போகிறவர் தன் கடைசி விலையை வாசலிலேயே சொல்லமாட்டார். எந்தப் பொருளுக்கு இறக்குமதி வரியை எதுவரை குறைக்கத் தயார் என்பதை மறைத்து வைக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இன்றைய ஒப்பந்தங்களில் வரி ஒரு பகுதிதான். காப்புரிமை, உணவுப் பாதுகாப்பு, மின் வணிகம், அரசு மீது முதலீட்டாளர் தொடுக்கும் வழக்கு என்று வருகிற அத்தியாயங்கள் நடைமுறையில் சட்டங்கள். மசோதாவை மறைத்து வைத்துச் சட்டம் இயற்றினால் ஒத்துக்கொள்வோமா? உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானியப் பேச்சில் தலைவரின் வரைவுகள் பொதுவெளியில் வெளியாயின. 2022 ஜூனில் ஒப்பந்தமும் வந்தது. பேச்சு ஒன்றும் குலைந்துவிடவில்லை.

பங்கேற்பே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. சிலருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவில் 1974 வர்த்தகச் சட்டப்படி ஆலோசனைக் குழுக்கள் உண்டு. அவற்றின் உறுப்பினர்கள் ரகசிய முன்மொழிவுகளைப் பார்க்கலாம். அவற்றில் தொழில்துறைப் பிரதிநிதிகளே அதிகம். ஆக, ரகசியம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை.

சரி, புரியவைப்பது எப்படி? பொருளாதாரப் பாடத்தில் ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் கூட்டம் கைப்பேசியை எடுத்துவிடும். ஒரு ஷரத்து, அது தொடுகிற ஒரு பொருள், இரண்டும் போதும். ஆஸ்திரேலியா சிகரெட் பெட்டிகளில் நிறுவன முத்திரையை அனுமதிக்காத சட்டத்தை 2011-இல் நிறைவேற்றியது. பிலிப் மோரிஸ் நிறுவனம், ஹாங்காங்குடன் ஆஸ்திரேலியா செய்திருந்த 1993 முதலீட்டு ஒப்பந்தத்தை வைத்து நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015 டிசம்பரில் வழக்கு நிற்கவில்லை. ஆனால் அது அதிகார வரம்பு பற்றிய தீர்ப்பு மட்டுமே, சட்டம் சரியா தவறா என்ற கேள்விக்கே நடுவர்கள் போகவில்லை. இதைச் சொன்னால் யாரும் தூங்குவதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் மருந்து. காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துரிமைகள் பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 31-ஆம் பிரிவு, காப்புரிமை பெற்ற மருந்தை உரிமையாளரின் சம்மதம் இல்லாமலும் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் தர அனுமதிக்கிறது. அதிலேயே ஒரு வரி, அப்படித் தயாரிப்பது பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்காக இருக்க வேண்டும் என்கிறது. சொந்தமாக மருந்துத் தொழிற்சாலை இல்லாத நாடு என்ன செய்யும்? எச்ஐவி நோயாளிகளின் அமைப்புகளும் மருத்துவர்களும் இப்படி வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்டார்கள். 2001 நவம்பரில் உலக வர்த்தக அமைப்பின் தோஹா பிரகடனம் அந்தச் சிக்கலை ஒப்புக்கொண்டது, 2003-இல் தற்காலிக விலக்கு வந்தது, 2017 ஜனவரியில் ஒப்பந்தமே திருத்தப்பட்டது. திருத்தப்பட்ட நடைமுறை சிக்கலானது, அதிகம் பயன்படவில்லை என்ற குறை நியாயமானதே. ஆனாலும் நோயாளிகளுக்கு இது புரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இணையத்தில் கருத்துக் கேட்டால் போதும் என்பவர்களிடம் நான் பாதிதான் ஒத்துப்போவேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே டிடிஐபி என்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கான பேச்சு நடந்தபோது, 2014-இல் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முதலீட்டாளர் வழக்கு முறை பற்றிக் கருத்துக் கேட்டது. வந்தவை சுமார் 1,50,000 பதில்கள். 97 சதவீதம் பிரசார அமைப்புகளின் தளங்கள் வழியாக, முன்கூட்டியே எழுதிவைத்த வாசகங்களுடன் வந்தவை. பொத்தானை அழுத்துவது ஆழமான பங்கேற்பு ஆகாதுதான். ஆனாலும் அடுத்த ஆண்டே ஆணையம் பழைய நடுவர் முறையை விட்டு, முதலீட்டு நீதிமன்றம் என்ற மாற்றை முன்வைத்தது. எண்ணிக்கைக்கும் ஒரு கனம் இருக்கிறது.

நீங்களே இறங்கிப் பார்க்க விரும்பினால், ஆணை தயாராகும் கட்டத்திலேயே எழுதுங்கள். ‘ஒப்பந்தம் வேண்டாம்’ என்று பொதுவாக எழுதாமல், எந்த ஷரத்து, யாருக்கு என்ன பாதிப்பு, மாற்று வாசகம் என்ன என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஏற்காவிட்டால் காரணம் சொல்லும்படியும் அதிலேயே கேளுங்கள். உங்கள் அரசு வரைவைக் காட்டவில்லை என்றால், எதிர்த்தரப்பின் அரசுத் தளத்தைத் தேடிப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் தரப்பு முன்மொழிவுகளைப் பேச்சு நடக்கும்போதே வெளியிடுகிறது. உங்கள் நாட்டுடன் அது பேசிக்கொண்டிருந்தால், மேசையில் இருப்பதில் பாதியை இன்றைக்கே படித்துவிடலாம்.